பழைய இரும்புக் கடையும் திருட்டுக் கன்வெர்ட்டரும்

காருக்கு அடியில் படுத்து, எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அறுத்தெடுக்கச் சில நிமிடங்கள் போதும். உள்ளே பூசியிருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்துக்காகத்தான் இந்தத் திருட்டு. 2019இல் லண்டனில் இது வெகுவாகப் பெருகியது. டொயோட்டா பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களுக்கே முதல் அடி விழுந்தது. அவற்றில் பெட்ரோல் எஞ்சின் குறைவாக ஓடுவதால் பூச்சு அவ்வளவாகத் தேய்வதில்லை. கார் பழையதென்றால், மாற்றும் செலவு வண்டியின் விலையையே தாண்டக்கூடும். அதை ஓட்டிப் பிழைப்பவருக்கு அன்றோடு வருமானம் நின்றுவிடும்.

வாங்க ஆள் இருப்பதால்தான் திருட்டு நடக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பழைய உலோக வணிகர் சட்டம் இந்த இடத்தில்தான் கைவைத்தது. கடை வைப்பவரும் தெருத்தெருவாகச் சென்று வாங்குபவரும் உள்ளூர் கவுன்சிலிடம் மூன்றாண்டு உரிமம் பெற வேண்டும். விற்பவரின் பெயரையும் முகவரியையும் சரிபார்க்க வேண்டும். வாங்கிய பொருளின் விவரத்தைப் பதிந்து மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். ரொக்கம் கொடுக்கக் கூடாது.

இவற்றில் என்னை மிகவும் கவர்வது ரொக்கத் தடை. திருடனுக்கு வேண்டியது தடயமில்லாத பணம். வங்கி வழியாகப் பணம் போனால் பெயரும் கூடவே போகிறது. செம்புக் கம்பித் திருட்டால் ரயில்கள் நின்ற காலத்தில் பிறந்த சட்டம் இது. அந்தத் திருட்டு குறைந்ததற்கு உலோக விலைச் சரிவும் ஒரு காரணம். ஆனால் விலையைக் கணக்கில் கொண்ட பிறகும் கட்டுப்பாடுகளுக்குப் பலன் இருந்தது என்று உள்துறை அமைச்சகத்தின் 2015ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. கடைக்காரரைத் தொந்தரவு செய்யும் வெற்றுச் சட்டம் என்று இதை ஒதுக்குவோர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் கன்வெர்ட்டர் செம்புக் கம்பியல்ல. சட்டம் ‘நீ யார்’ என்று விற்பவரைக் கேட்கிறது. ‘இது யாருடைய காரிலிருந்து வந்தது’ என்பதற்குச் சான்று கேட்பதில்லை. தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் திருட்டுப் பொருளைச் சட்டப்படியான பதிவோடே விற்றுவிட முடியும். பெரும்பாலான கன்வெர்ட்டர்களில் காரோடு பொருத்திப் பார்க்கத் தனி எண்ணும் கிடையாது. ஆகவே பதிவேட்டைப் புரட்டும் அதிகாரியால் எதையும் நிரூபிக்க முடிவதில்லை.

இன்னொரு குறை பணத்தைப் பற்றியது. உரிமக் கட்டணத்தில் வரும் தொகையை உரிமம் இல்லாதவர்களைத் தேடிப் பிடிக்கக் கவுன்சில் செலவிடக் கூடாது என்கிறது அரசு வழிகாட்டல். ஒழுங்காகப் பதிவு செய்தவர் கட்டணமும் கட்டிச் சோதனையையும் சந்திக்கிறார். பதிவு செய்யாதவரைத் தேடிப் போக நிதி இல்லை. இது அநியாயம்.

கலிபோர்னியா 2023 ஜனவரியிலிருந்து வேறு வழியில் போகிறது. எந்த ஆண்டின், எந்த மாடல் காரிலிருந்து கழற்றியது, அதன் அடையாள எண் என்ன என்பதை வாங்குபவர் பதிய வேண்டும். உரிமம் பெற்ற தொழில் நிறுவனமோ, தன் கார்தான் என்று ஆவணம் காட்டும் உரிமையாளரோ மட்டுமே விற்கலாம். கேள்வி பொருளின்மீது திரும்பியிருப்பது சரியான மாற்றம். ஆயினும் உள்ளூர்க் கடையோடு கதை முடிவதில்லை. 2022 நவம்பரில் அமெரிக்க மத்திய அரசு தொடுத்த வழக்குகளில் பறிமுதல் செய்யக் கோரப்பட்ட தொகை 54 கோடி டாலருக்கும் மேல். பல மாநிலங்களிலிருந்து வாங்கிச் சேர்த்து, உலோகத்தூளைச் சுத்திகரிப்பு ஆலைக்கு விற்ற மொத்த வியாபாரத்தின் அளவு அது. ஒரு கவுன்சில் ஆய்வாளரின் கை அவ்வளவு தூரம் எட்டாது.

2021இல் அவுன்ஸ் 29,000 டாலர் வரை ஏறிய ரோடியம் 2023இல் 5,000 டாலருக்கும் கீழே வந்தது. திருட்டு தணிந்தால் அதைச் சட்டத்தின் வெற்றி என்று எழுதிவிடக் கூடாது. விலை ஏறினால் திருட்டும் ஏறலாம். ஆகவே 2013 சட்டத்தில் கன்வெர்ட்டருக்கென உரிமைச் சான்று விதியைச் சேர்க்க வேண்டும். உரிமமில்லாதவரைத் தேடிப் பிடிக்கக் கவுன்சில்களுக்குத் தனி நிதியும் ஒதுக்க வேண்டும்.