ஞானாம்பாளின் ஆண்வேடம்

தமிழின் முதல் நாவலெனப் போற்றப்பெறும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்தது. அதனை ஆக்கிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889), பத்தாண்டுகட்கு முன்னரே, 1869-இல், பெண்மதிமாலையை இயற்றிப் பெண்கல்வியை வலியுறுத்தியவர். நாவலின் தலைவி ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு விக்கிரமபுரியை ஆளும் பகுதியைப் பழங்கதை மரபின் எச்சமென ஒதுக்குவாருளர். பெண்மதிமாலையோடு ஒருங்குவைத்து நோக்கின், அக்கருத்து முழுதும் பொருந்தாது என்பது எம் துணிபு.

யானை மாலையிட்டு அரசனைத் தெரிவுசெய்தல் நாட்டுப்புறக் கதைகளில் வழங்கும் செய்தியே. ஆயின், அவ்வரியணையில் ஆசிரியர் யாரை அமர்த்தினார் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. வேதநாயகர் முன்சீபாகப் பணியாற்றியவர். வழக்காராய்ந்து முறைவழங்கலே அவர்தம் தொழில். தாம் நன்கறிந்த அத்தொழிலையே ஞானாம்பாளுக்கும் அளித்தார். இந்தியாவில் பெண்கள் வழக்குரைஞராதற்கிருந்த தடை 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீங்கிற்று. அதற்கு 44 ஆண்டுகள் முன்னர், முறைசெய்யும் இருக்கையில் ஒரு பெண்ணைக் காட்ட வேடமன்றி வேறு வழி யாது? உடை மாறிற்று; அறிவு மாறவில்லை. பெண்மதிமாலை அறிவுரையால் வேண்டியதனை நாவல் நிகழ்ச்சியால் மெய்ப்பிக்கிறது.

எனினும் ஓர் எல்லை உண்டு. ஆங்கிலநாட்டு மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792-இல் எழுதிய பெண்ணுரிமை நூலில், பகுத்தறிவு இருபாலார்க்கும் பொதுவாதலின் கல்வியும் பொதுவாதல் வேண்டுமென வாதிட்டார். நல்ல தாயாதலையும் கல்வியின் பயனாகக் கொண்ட அவர், அதனோடு அமையாது, பெண் தன் தொழிலால் தானே வாழ்தலையும் வேண்டினார். வேதநாயகரின் கதை அத்துணைத் தொலைவு செல்லவில்லை. வேடம் நீங்கியபின் ஞானாம்பாள் இல்லறத்திற்கே மீள்கிறாள். முறைவழங்கிய ஆற்றலுக்கு அவள்தன் உருவில் இடமில்லை. இக்குறையை மறைத்தல் திறனாய்வாகாது. ஆயினும், தடை பெண்ணின் அறிவில் இல்லை, உலகின் பார்வையில் உள்ளது என்பதனை அவ்வேடமே சுட்டிநிற்கிறது.

இவ்வாராய்ச்சி பழைய நூலோடு முடிவதன்று. செம்பரம்பாக்கத்தை அடுத்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளில் இன்று கல்விகற்ற இளம்பெண்கள் பல்லாயிரவர் பணிபுரிகின்றனர். தம் உழைப்பால் வாழ அவர்க்கு வேடம் வேண்டுவதில்லை. ஆனால், ஞானாம்பாள் அமர்ந்தது உழைப்போர் வரிசையிலன்று, முடிவுசெய்யும் இருக்கையில். அவ்விருக்கையில் பெண்கள் தம் உருவிலேயே எத்துணையர் அமர்கின்றனர் என்பதே பெண்கல்வியின் பயனை அளக்கும் கோல். அக்கோலைத் தமிழ்நாவல் தன் முதற்படியிலேயே தந்துவிட்டது என்க.