மெருகும் மெய்ம்மையும்

1757ஆம் ஆண்டில் வழிபாட்டுக்குத் திறக்கப்பெற்ற கொட்டாஞ்சேனை வுல்வெண்டால் தேவாலயத்தில் ஒல்லாந்தர் காலத்துக் கதிரைகள் இன்றும் உள. அவற்றைக் கண்ட கண்ணோடு, வெள்ளவத்தை வீடொன்றிற் புதுக்கப்பெற்ற முதிரைச் சாய்மனைக் கதிரையைக் காண நேர்ந்தது. பளிங்குபோல் மின்னியது. அம்மினுக்கமே குற்றம் என்பது எமது துணிபு.

பழைய மரத்தின் மேற்பரப்பு ஒளியும் காற்றும் கைபட்ட எண்ணெயும் பல தலைமுறையாக ஆக்கிய மெல்லிய படலமாகும். அரத்தாள் அதனை ஒரு பிற்பகலில் நீக்கிவிடும். பின்னர் மீட்க வழியில்லை. இக்காலச் செயற்கை வாணிசு இறுகியபின் எளிதிற் கரையாது. அரக்கு மெருகோ மதுசாரத்தில் இளகும். ஆதலாற் பழுதுற்ற இடத்தை மட்டும் செப்பனிடல் கூடும். அழுக்ககற்ற நன்கு பிழிந்த ஈரத்துணியும் சிறிது தேன்மெழுகும் பெரும்பாலும் போதும். (கறையான் அரித்த காலை மாற்றுவதை யாம் மறுக்கவில்லை, மாற்றியது மாற்றியதாகத் தெரியட்டும்.)

1887இற் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏட்டின் இடைவெளியிலே தம் சொந்த அடிகளை நுழைத்திருப்பின் அவரைப் பொறுத்திருப்போமா? தச்சரிடம் மட்டும், “புதிதாக்கித் தாருங்கள்” என்கிறோம். பிழை அவருடையதன்று.

அக்கதிரையின் கைச்சட்டத்திலே பாட்டனாரின் முழங்கை தேய்த்த குழிவொன்று இருந்ததாம். சீவிச் சமன் செய்துவிட்டார்கள்.