விளிச்சொல்லும் சிறுவர் நோக்கும்: ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960) அலபாமா மாநிலத்தில் 1930களில் நிகழும் கதை. செய்யாத குற்றத்திற்காகக் கறுப்பினத்தவரான டாம் ராபின்சன் தண்டிக்கப்படுவதைச் சிறுமி ஸ்கௌட் காண்கிறாள். இனவெறுப்பைச் சிறுவர்க்கு உணர்த்துவது தீர்ப்பே என்பர். எனினும் தீர்ப்புக்கு முன்பே விளிச்சொல் அதனை உணர்த்திவிடுகிறது.

குறுக்கு விசாரணையில் அரசு வழக்கறிஞர் மனைவி மக்களுடைய டாமைப் 'பையன்' என்னும் பொருள்பட மீண்டும் மீண்டும் விளிக்கிறார். அது பொறாது சிறுவன் டில் அழுகிறான். ஸ்கௌட்டோ, டாம் கறுப்பினத்தவன்தானே என்று அமைதி கூறுகிறாள். கள்ளமற்ற நெஞ்சிலும் ஊர்வழக்கு படிந்திருத்தல் இங்குப் புலனாகிறது. மாறாக, வறிய வெள்ளையினப் பெண் மேயெல்லாவை ஸ்கௌட்டின் தந்தை அட்டிகஸ் மரியாதையுடன் விளிக்க, அவள் அதனை ஏளனமெனக் கொள்கிறாள்.

ஆங்கிலத்தில் முன்னிலைப் பெயர் ஒன்றே; ஆதலின் இவ்வேறுபாடுகளை விளிச்சொற்களே தாங்குகின்றன. தமிழில் 'நீ', 'நீங்கள்' என்னும் தேர்வு ஒவ்வொரு வினைமுற்றிலும் கட்டாயமாகிறது. டாமிடம் அட்டிகஸ் 'நீங்கள்' என்றால் டில்லின் அழுகைக்குக் காரணம் தெளிவாகும். ஆனால் மூலத்தில் அவர் மேயெல்லாவுக்கு அளிக்கும் மரியாதை அடைமொழியை டாமுக்கு அளிப்பதில்லை. பெயர் சொல்லியே அழைக்கிறார். 'நீங்கள்' அவரைக் காலத்தினும் உயர்ந்தவராக்கிவிடும்.

எனவே மேயெல்லாவுக்கு 'நீங்கள்', டாமுக்குப் பெயருடன் 'நீ', அரசு வழக்கறிஞர் வாயில் மட்டும் 'டேய்' என்பதே பொருந்தும். இதனால் வழக்கறிஞரின் இழிவுரையும் நல்லவரான அட்டிகஸின் எல்லையும் ஒருங்கே புலப்படும். 2015இல் வெளிவந்த 'கோ செட் எ வாட்ச்மேன்' நாவலில் இனப்பிரிவினையை ஆதரிக்கும் அட்டிகஸைக் கண்டோர்க்கு அவ்வெல்லை வியப்பளிக்காது.