காணாததற்குச் சாட்சி

போதகர் ஹெலன் உக்பாபியோ 1999-இல் நைஜீரியாவில் தயாரித்த ‘எண்ட் ஆஃப் தி விக்கெட்’ என்னும் திரைப்படம், பெற்ற மகனின் குடும்பத்தையே அழிக்கும் சூனியக்காரியாக ஒரு தாயைச் சித்திரிக்கிறது. இருளில் நடப்பதாகச் சொல்லப்படுவதைக் காமிரா காட்டிவிடுவதால், காண்போர் ஐயமின்றி நம்புகின்றனர். ஆனால் இக்போ கிராமத்தில் ‘அமோசு’ எனப் பழிக்கப்படும் முதிய விதவைக்கு எதிராக அத்தகைய காட்சி ஏதுமில்லை. எவரோ கண்ட கனவும், வீட்டில் நேர்ந்த சாவுமே உண்டு. யாத்திராகமம் 22:18-ஐ எடுத்துக்காட்டுவோர், இரண்டு மூன்று சாட்சிகளைக் கோரும் உபாகமம் 19:15-ஐ மறப்பதேன்? ஒருவரைச் சூனியக்காரி எனக் குற்றஞ்சாட்டுவதையே தென் நைஜீரியாவில் வழங்கும் குற்றவியல் சட்டத்தின் 210-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. சட்டம் காக்க முனையும் மூதாட்டியைப் பிரசங்கபீடம் காட்டிக்கொடுக்கலாகாது. விதவைகளைக் கனம்பண்ணுமாறு தீமோத்தேயு பெற்ற கட்டளை நமக்கும் உரியதே.