ஓரத்துக்காக ஒரு கேக்

அப்பிள் பிரிட்டரை நான் ஓரத்திலிருந்துதான் சாப்பிடத் தொடங்குவேன். கையகலத்துக்கு விரிந்து, வட்டமும் இல்லாமல் சதுரமும் இல்லாமல், பாறைத் துண்டுபோல் முண்டும் முடிச்சுமாகக் கிடக்கும் அந்தப் பண்டத்தின் ருசியெல்லாம் ஓரத்தில்தான் திரண்டிருக்கிறது. அங்கேதான் மா மெலிந்து, எண்ணெயில் நன்றாகச் சிவந்து, கடித்தவுடன் நொறுங்கும். சீனிப்பூச்சு வெடிப்புகளுக்குள் இறங்கி உறைந்திருப்பதும் அங்கேதான். சில இடங்களில் மாவுக்கு வெளியே தலைநீட்டிய அப்பிள் துண்டொன்று கருகும் தறுவாய்க்கு வந்து, மெல்லிய கசப்போடு இனிக்கும். நடுப்பகுதி மெத்தென்று இருக்கும், நல்லதுதான். ஆனால் நடுப்பகுதிக்காக நான் ஒருநாளும் பிரிட்டர் வாங்கியதில்லை.

இதைக் கேக்காகச் சுடுகிறவர்கள் இங்கே பலர். அப்பிள் பிரிட்டர் கேக் என்ற பெயரில் நானும் எத்தனையோ வீடுகளில் சாப்பிட்டிருக்கிறேன். கறுவா மணக்கும், அப்பிள் நிறைந்திருக்கும், மேலே வெள்ளையாகச் சீனிப்பூச்சு வழியும். நல்ல அப்பிள் கேக்தான், குறை சொல்ல மனம் வராது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் பிரிட்டர் நினைவுக்கு வராது. சுடுகிறவர் மணத்தையும் இனிப்பையும் கொண்டுவந்துவிட்டு, ஓரத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்.

கனடாவில் இருப்பவர்களுக்குப் பிரிட்டரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஐஸ் ஹொக்கி வீரர் ரிம் ஹோர்ட்டன் 1964இல் ஒன்ராறியோவின் ஹமில்ரன் நகரில் தன் பெயரிலான டோனட் கடையைத் திறந்தபோது, அந்தக் கடைக்கென்றே உண்டானவை இரண்டு. ஒன்று முந்திரிகை வற்றல் போட்ட டச்சி, மற்றது அப்பிள் பிரிட்டர். நான் வந்த முதல் மாரியில், இரவு வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில், கோப்பியோடு வாங்கிக் கடித்த முதல் பிரிட்டர் எனக்கு அந்நியமாக இருக்கவில்லை. அது வாய்ப்பனின் உறவு. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் வாய்ப்பன். தோல் கறுக்கக் கனிந்த வாழைப்பழத்தை மாவோடும் சீனியோடும் பிசைந்து, கொதிக்கிற எண்ணெயில் கிள்ளிக் கிள்ளிப் போடுவது. கிள்ளும்போது விரலோடு இழுபட்டு, சிறு வால்போல் நீண்டு பொரிந்துவிடும் அந்த நுனிக்குத்தான் எங்கள் வீட்டில் சண்டை. பிரிட்டரின் ஓரமும் அந்த வாலும் ஒன்றுதான்.

பழத்தை மாவில் தோய்த்துப் பொரிப்பது பழைய வேலை. இங்கிலாந்தில் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் சமையற்காரர்கள் 1390ஐ ஒட்டித் தொகுத்த 'த ஃபோர்ம் ஒஃப் கியூரி' என்ற சமையல் நூலிலேயே அப்பிள் பிரிட்டர் இருக்கிறது. மா, முட்டை, நொதித்த ஏல் மது, ஈஸ்ட், குங்குமப்பூ சேர்த்துக் கரைத்து அதில் அப்பிளைத் தோய்த்துப் பொரித்திருக்கிறார்கள். டோனட் கடைப் பிரிட்டர் அதிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. இங்கே ஈஸ்ட் போட்டுப் புளித்த மாவைப் பரப்பி, சமைத்த அப்பிளையும் கறுவாவையும் அதன்மேல் கொட்டி, மடித்து, தட்டையான இரும்புத் தகட்டால் குறுக்கும் நெடுக்கும் கொத்துவார்கள். கொத்துரொட்டி போடுகிறவரின் கை நினைவுக்கு வரும். பிறகு கொத்திய துண்டுகளை அள்ளிக் கூட்டிவைத்து, சற்று உப்பவிட்டுப் பொரிப்பார்கள். ஒட்டியும் ஒட்டாமலும் கிடக்கும் அந்தத் துண்டுகளுக்கு நடுவே எண்ணெய் புகுந்து ஒவ்வொரு விளிம்பையும் தனித்தனியாகச் சிவக்க வைக்கிறது. ஓரம் பிறப்பது அந்தக் கொத்தலில்.

எண்ணெய் செய்வதைக் கேக் சுடும் அவன் செய்யாது. 190 பாகை செல்சியஸ் எண்ணெய்க்குள் இறங்கிய மாவின் மேற்பரப்பில் உள்ள தண்ணீர் உடனே ஆவியாகிக் குமிழியிட்டு வெளியேறுகிறது. நிமிடக் கணக்கில் தோல் காய்ந்து சிவக்கிறது. அதே சூட்டில் இருக்கும் காற்று சூட்டை அவ்வளவு விரைவாகக் கடத்தாது. அதோடு, பாண் வார்க்கும் ஆழமான தகரத்தில் ஊற்றினால் கேக்குக்குக் கிடைப்பது மேலே ஒரு சிறிய நீள்சதுரப் பரப்பு மட்டும். மிச்சமெல்லாம் நடுப்பகுதி. பிரிட்டரைப் பிரிட்டராக்கியதைத் தகரமே தின்றுவிடுகிறது.

ஆகவே நான் தகரத்தை விட்டு இரும்புக்கு மாறினேன். 12 அங்குல வார்ப்பிரும்புத் தாச்சி. அதை வெறுமையாக அவனுக்குள் வைத்து 200 பாகைக்குச் சூடாக்கி, வெளியே எடுத்து, ஒரு பெரிய கட்டி பட்டரைப் போட்டால் அது சீறிக்கொண்டு உருகும். அந்தச் சீற்றம் அடங்குமுன் கலவையை வார்க்கவேண்டும். தாச்சியின் சுவரைத் தொட்ட இடமெல்லாம் கலவை அப்போதே பொரியத் தொடங்கிவிடும், சத்தம் கேட்கும். இது ஏமாற்று வேலை இல்லை. கேக்கின் அடியும் சுற்றுவட்டமும் உண்மையிலேயே பட்டரில் பொரிகின்றன.

கலவைக்குள் போகும் பட்டரையும் முதலில் சிவக்கக் காய்ச்சுகிறேன். பட்டரில் ஏறக்குறைய 16 விழுக்காடு தண்ணீர். அது வற்றும்வரை பட்டர் சடசடத்து நுரைக்கும். பின்பு சத்தம் ஓய்ந்து, அடியில் பால்துகள்கள் பொன்னிறமாகி, கச்சான் வறுக்கிற மணம் எழும். அந்தக் கணத்தில் இறக்கவேண்டும், அரை நிமிடம் பிந்தினாலும் கசந்துவிடும். எண்ணெயில் பொரிந்த பண்டத்துக்கு உரிய வறுத்த மணத்தை அவனில் சுடுகிற கேக்குக்குள் கொண்டுவர எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான். இரண்டு கப் கோதுமை மா, இரண்டு முட்டை, முக்கால் கப் சீனி, அரைக் கப் புளித்த கிரீம், பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை சாதிக்காய்த் தூள். மற்றதெல்லாம் எந்த அப்பிள் கேக்குக்கும் உள்ளதுதான். சாதிக்காயை மட்டும் விட்டுவிடவேண்டாம். எனக்கு டோனட் கடை வாசல் மணம் என்றால் பாதி அதுதான்.

அப்பிளில்தான் நான் நெடுங்காலம் பிழைவிட்டேன். ஒன்ராறியோவின் சொந்தப் பழம் மக்கின்ரோஷ். 1811இல் டன்டெலா என்ற இடத்தில் காடு வெட்டிக்கொண்டிருந்த ஜோன் மக்கின்ரோஷின் கண்ணில் பட்ட கன்றொன்றிலிருந்து ஒட்டி ஒட்டிப் பெருகியவைதான் இன்று உலகிலுள்ள மக்கின்ரோஷ் மரங்கள் எல்லாம். கடித்துச் சாப்பிட அதன் மணத்துக்கு ஈடில்லை. ஆனால் சூடு பட்டதும் குழைந்து கூழாகிவிடும். அதைப் போட்டுச் சுட்ட என் முதல் கேக்கின் நடுப்பகுதி களியாக இருந்தது. கத்தி வெளியே வந்தபோது ஈரம் ஒட்டிக்கொண்டு வந்தது. புரட்டாதி முடிந்து, குளிர் இறங்கிய பின்னர் சந்தைக்கு வரும் நோர்தன் ஸ்பைதான் இதற்குரிய பழம். கடினமானது, புளிப்பானது, அவனுக்குள்ளும் வெட்டிய சதுரம் கெடாமல் நிற்கும். ஸ்பை மரம் காய்க்கப் பத்தாண்டுக்கு மேலும் எடுக்கும் என்பதால் நடுகிறவர்கள் குறைவு. கண்ட இடத்தில் நான் பை நிறைய வாங்கிவிடுவேன்.

ஸ்பையிலும் தண்ணீர் உண்டு. மூன்று பழத்தை ஒரு செண்டிமீற்றர் கட்டிகளாக வெட்டி, சீனி தூவி அரைமணி நேரம் விட்டால், சீனி பழச்சாற்றை வெளியே இழுத்துவிடும். சாற்றை வடித்து, அது மட்டும் தேன்பதமாகக் கொதித்து வற்றியபின் மறுபடி பழத்தோடு பிரட்டிவிடுகிறேன். தண்ணீர் போய்விடுகிறது, புளிப்பும் மணமும் தங்கிவிடுகின்றன.

கறுவா பற்றி ஈழத்துக்காரனாகிய எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இங்கே கடையில் கறுவாத் தூள் என்று போத்தலில் விற்பது பெரும்பாலும் கசியா. தடித்த ஒற்றைச் சுருளாக வரும் வேறு பட்டை அது. எங்கள் கறுவா கடதாசிபோல் மெல்லிய பல தோல்கள் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டது, மணமும் மென்மையானது. ஊர்ப்பற்றில் இந்தக் கேக்குக்குள் அதைத்தான் போட்டுப் பார்த்தேன். சிவந்த பட்டரின் மணத்துக்குக் கீழே அது காணாமல் போனது. பிரிட்டருக்குக் கசியாவின் காரம்தான் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். இப்போது கசியாவை மண்ணிறச் சீனியோடு கலந்து அப்பிளில் பிரட்டுகிறேன். எங்கள் கறுவாவை மேற்பூச்சுக்கான பாலில் ஊறவைக்கிறேன். அங்கே அதன் மணத்துக்குப் போட்டி இல்லை.

இனிக் கொத்தல். சூடான தாச்சிக்குள் பாதிக் கலவை, அதன்மேல் பாதி அப்பிள், மீண்டும் கலவை, மீண்டும் அப்பிள். பிறகு ஒரு மொட்டைக் கத்தியை எடுத்து, அடியைத் தொடாமல், குறுக்கும் நெடுக்குமாக ஆறேழு முறை இழுக்கவேண்டும். மேற்பரப்பைச் சமப்படுத்தக்கூடாது. நல்ல கேக் சுட்டுப் பழகிய கை தானாகவே தடவி விடப் பார்க்கும், அதைத் தடுத்துக்கொள்ளவேண்டும். மேடு மேடாக, பள்ளம் பள்ளமாக, அப்பிள் முனைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கட்டும். 200 பாகையில் 15 நிமிடம், பின்பு 175க்கு இறக்கி இன்னும் 25 நிமிடம். அந்த முதற் பதினைந்து நிமிடத்தில் மேடுகளெல்லாம் காய்ந்து சிவந்துவிடும்.

வெளியே எடுத்த இரண்டாவது நிமிடத்தில் பூச்சை ஊற்றுகிறேன். ஒன்றரைக் கப் ஐசிங் சீனி, கறுவா ஊறிய பால் மூன்று மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. ஆறிய கேக்கில் ஊற்றினால் இது வெள்ளைச் சுண்ணாம்புபோல் மேலேயே நின்றுவிடும். சுடச்சுட ஊற்றினால் பால்நிறம் மெல்ல மறைந்து கண்ணாடியாகும். மேட்டிலிருந்து வழிந்து, கத்தி கீறிய பள்ளங்களில் தேங்கி, தாச்சியின் விளிம்பில் கேக் சற்றே சுருங்கி விலகிய இடைவெளிக்குள் இறங்கும்போது இரும்பின் சூட்டில் சிறு சிறு கொப்புளங்கள் வெடிக்கும். காது கொடுத்தால் கேட்கலாம். கால் மணி நேரம் பொறுக்கவேண்டும். அதற்குள் அந்தக் கண்ணாடி இறுகி, விரல் நுனியால் தட்டினால் மெல்லிய ஓடுபோல் விரிசல் விடும். வழிந்து அடிக்குப் போன சீனி அங்கே உருகிக் கருகத் தொடங்கி, இறுகிய ரொபிபோல் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

முதல்முறை இது சரியாக வந்த அன்று அம்மாவுக்கு ஓரத் துண்டொன்றை வெட்டிக் கொடுத்தேன். கடித்துவிட்டு, "தம்பி, இது எங்கட வாய்ப்பன்ர வால் எல்லோ" என்றா.

மறுநாள் பூச்சு கேக்கின் ஈரத்தை வாங்கிக் கரைந்து, ஓரம் தளர்ந்துவிடும். அதற்காகக் கவலைப்படுவதில்லை. ஒரு விரல் கனத்தில் துண்டு வெட்டி, அதே தாச்சியில் சிறிது பட்டரிட்டு, வெட்டுமுகம் கீழே இருக்கும்படி வைத்து, தொடாமல் இரண்டு நிமிடம் விடுகிறேன். அப்பிள் கட்டிகள் இரும்பில் பட்டுச் சிவக்கும், நடுப்பகுதியாக இருந்த இடத்துக்கும் ஒரு ஓரம் வந்துவிடும்.