ரவி வர்மா படம் ‘ஒரிஜினலா?’: கல்லச்சும் ஜரிகையும்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் பழைய வீடு ஒன்று கைமாறும்போது, பூஜை அறைப் படங்களைப் பார்த்து எல்லாரும் கேட்கிற கேள்வி: “இது ஒரிஜினல் ரவி வர்மாவா?” இதில் மூன்று கேள்விகள் ஒன்றாகச் சிக்கிக் கிடக்கு. பிரித்துப் பார்த்தால்தான் மதிப்பும் தெரியும்.

முதலாவது, இது ரவி வர்மா கைபட்டதா? இல்லை. கல்லச்சு, அதாவது லித்தோ, சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து அச்செடுக்கும் முறை. 1890களில் பாரிஸில் துலூஸ் லோத்ரெக் தானே கல்லில் வரைந்தார். அதனால் அவருடையதை ‘ஒரிஜினல் லித்தோ’ என்றே சந்தை விற்கிறது. அதே காலத்தில், 1894இல் பம்பாயில் தொடங்கிய ரவி வர்மா அச்சகத்தில், அவருடைய எண்ணெய் ஓவியத்தைப் பார்த்து நிறத்துக்கு ஒரு கல் என்று பிரித்து வரைந்தவர்கள் அச்சகத்துக் கைவினைஞர்கள். ஐரோப்பியக் கணக்கில் இவை நகல்கள்.

ஆனால் நகலெடுப்பதுதானே நோக்கமே! ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஓலியோகிராஃபாக அச்சிடலாம் என்று 1880களிலேயே ரவி வர்மாவுக்கு யோசனை சொன்னவர் சர் டி. மாதவ ராவ். கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூர், இந்தூர், பரோடா மூன்றிலும் திவானாக இருந்தவர். ஒரு மனிதரின் இரண்டு கைகளால் ஊருக்கெல்லாம் வரைந்து கொடுக்க முடியாது என்பது அவர் வாதம்.

இரண்டாவது, இது அந்தக் காலத்து அச்சா? இதற்குப் பத்து மடங்கு லென்ஸ் போதும். முகத்தையும் வானத்தையும் பாருங்க. கல்லச்சில் புள்ளிகள் கையால் வைத்தவை. அளவும் இடைவெளியும் ஒழுங்காக இருக்காது, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். வலை போட்ட மாதிரி நாலு நிறப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் பிந்தைய மறுபதிப்பு என்று எடுத்துக்கலாம். அடி ஓரத்தில் அச்சகப் பெயர் இருக்கும். பம்பாய் என்றால் முந்தையது. கார்லா, லோனாவ்லா என்றால் அச்சகம் இடம் மாறிய பிறகு. இங்கே ஒரு எச்சரிக்கை: அச்சகம் ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் கைக்குப் போய், ரவி வர்மா 1906இல் மறைந்த பிறகும் பல காலம் ஓடியது, பிற ஓவியர்களின் படங்களையும் அச்சடித்தது. ‘ரவி வர்மா பிரஸ்’ என்று இருப்பதாலேயே அது ரவி வர்மா படம் ஆகிடாது.

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம்: படத்தின் மேல் என்ன நடந்திருக்கு? லக்ஷ்மியின் சேலைக்கு நிஜப் பட்டுத்துணி, கரைக்கு ஜரிகை, கிரீடத்துக்குச் சம்கி, கழுத்துக்கு மணி என்று ஒட்டித் தைத்த படங்கள் உண்டு. சட்டத்துக்குள் அடங்க ஓரத்தையும் வெட்டியிருப்பாங்க. ‘ஓரம் முழுசா, மேலே எதுவும் படாம இருக்கணும்’ என்ற ஐரோப்பிய அச்சுப்பட விதிப்படி இது சேதம்.

நான் இதை ஏற்கவில்லை. ரவி வர்மா தாமரை மேல் நிற்கிற லக்ஷ்மிக்குப் பின்னால் நீரும் மரமும் வைத்து, ஒளியும் நிழலுமாக ஆழம் கொடுத்தார். ஜரிகை ஒட்டியதும் அந்த ஆழம் போய்விடுகிறது. உடல் தட்டையாகி, நகை மட்டும் புடைத்து, விளக்கொளியில் மின்னுகிறது. அதாவது தஞ்சாவூர் ஓவியத்தின் தங்க ரேக்கும் கல்லும் செய்கிற அதே வேலை. ஓவியர் தந்த காட்சியை வீட்டிலிருப்பவர்கள் மறுபடி கும்பிடும் படமாக மாற்றிவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி வந்த தாளில் இந்தப் படம் மட்டும் வேறு எங்கேயும் கிடையாது. ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்கு இங்கே அர்த்தம் இருக்கிறதென்றால் அது அந்த ஊசியில்தான்.

புது ஜரிகை ஒட்டிப் பழசு என்று விற்பதும் நடக்கலாம். துணியின் ஓரம் ஏற்கெனவே தூக்கியிருந்தால் உள்ளே எட்டிப் பாருங்க; அடியில் அச்சு நிறம் பளிச்சென்றும் வெளியே மங்கியும் இருந்தால் துணி வெகுகாலமாக அங்கே இருக்கிறது. பிரித்துப் பார்க்க வேண்டாம். படத்தைச் ‘சுத்தம்’ செய்கிறேன் என்று யாராவது ஜரிகையை உரிக்க வந்தால், கொடுக்காதீங்க. அடியில் கிடைப்பது ஓரம் வெட்டிய இன்னொரு தாள், அவ்வளவுதான்.