முதுகுக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர்

திரையரங்கின் பின்சுவர் ஸ்பீக்கர்களுக்குப் பெரும்பாலும் ஓய்வுதான். மழை, கூட்ட இரைச்சல், எங்கோ கடந்துபோகும் விமானம், அதோடு வேலை முடிந்தது. இது சோம்பல் அல்ல, அனுபவம். முதுகுக்குப் பின்னால் படாரென்று கதவு சாத்தினால் ரசிகர் திரும்பிப் பார்ப்பார். அங்கே அவருக்குத் தெரிவது ‘வெளியே’ என்ற பலகை மட்டுமே. கதை அந்த இடத்தில் அறுந்துவிடும். அதனால்தான் நல்ல ஒலிக்கலவையாளர்கள் வசனத்தை நடு ஸ்பீக்கரில் நிறுத்திவிட்டு, பின்பக்க ஒலியை உப்புப் போல அளந்து போடுகிறார்கள்.

மீறியவர்களும் உண்டு. 1979இல் வந்த ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தின் தொடக்கத்தில் ஒலி வடிவமைப்பாளர் வால்டர் மர்ச் ஹெலிகாப்டர் ஒலியை அரங்கைச் சுற்றி வலம்வர விட்டார். ‘கிராவிட்டி’ (2013) வசனத்தையே அவிழ்த்துவிட்டது. விண்வெளியில் மிதப்பவர் எந்தப் பக்கம் போகிறாரோ அந்தப் பக்கம் குரலும் போகும். இரண்டுமே ஒலிக்காக ஆஸ்கர் வாங்கின.

வீடியோ கேமில் பின்பக்க ஸ்பீக்கரின் நிலைமையே வேறு. இரண்டையும் ஒப்பிட ஒரு ஜோடி கச்சிதமாகக் கிடைக்கிறது: ரிட்லி ஸ்காட்டின் ‘ஏலியன்’ (1979) படமும், இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி உருவாக்கிய ‘ஏலியன்: ஐசொலேஷன்’ (2014) கேமும். படத்தின் அசல் ஒலிப்பதிவுகளை வாங்கியே கேமைச் செய்தார்கள். சரக்கு ஒன்றுதான், சமையல் இரண்டு.

படத்தில் விண்கலத்தின் கேப்டன் டாலஸ், உள்ளே புகுந்துவிட்ட வேற்றுக்கிரக மிருகத்தைத் தேடிக் காற்றுக்குழாய்க்குள் தவழ்ந்து போகிறார். நடமாட்டம் காட்டும் கருவியில் இன்னொரு புள்ளி நெருங்குகிறது. ரேடியோவில் சக ஊழியர் லாம்பர்ட்டின் குரல் பதறுகிறது. எந்த ஒலி எப்போது எழ வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பது அங்கே நொடிக்கு நொடி தீர்மானிக்கப்பட்டது. எத்தனை முறை பார்த்தாலும் மாறாது. இந்த நேர்த்தியில் கேம் தோற்றுத்தான் போகும். ஆட்டக்காரர் அடுத்த நொடி ஓடுவாரா, ஒளிவாரா என்பது அதற்குத் தெரியாதே!

ஆனால் கேமில் குழாய்க்குள் இருப்பது டாலஸ் அல்ல, நாம். கையிலிருக்கும் கருவி திசையும் தூரமும் சொல்லும். மிருகம் தரையில் நடக்கிறதா, தலைக்கு மேல் ஊர்கிறதா என்று சொல்லாது. அதைக் காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். தகரம் தடதடத்தால் மேலே. கனத்த காலடி கேட்டால் இதே தளத்தில். முன்னாலா பின்னாலா என்ற சந்தேகம் ஹெட்போனில் அடிக்கடி வரும். திரையில் பார்வையைச் சற்றுத் திருப்பினால் ஒலியும் இடம்மாறும், சந்தேகம் தீரும். படத்தில் பார்வையை இப்படித் திருப்ப வழியே இல்லை.

இதைவிடப் பெரிய குறும்பு ஒன்று: அந்த மிருகத்துக்கும் காது உண்டு. அது பக்கத்தில் இருக்கும்போது கருவியை எடுத்தால், அதன் ‘பீப்’ ஒலியே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். கினெக்ட் அல்லது பிளேஸ்டேஷன் கேமரா இருந்து, அந்த வசதியையும் இயக்கிவிட்டால், நம் வீட்டு அறையில் எழும் சத்தமும் அதன் காதில் விழும். இருமலை அடக்கிக்கொண்டு விளையாட வேண்டும்! அரங்கில் ஒலி நம்மைச் சூழ்வதோடு சரி. இங்கே நாமும் ஒலிக்கிறோம்.

குறையும் சொல்லியாக வேண்டும். சில மணி நேரம் ஆடினால் அதே உறுமல்கள் திரும்ப வருவது பிடிபட்டுவிடும், பயமும் கொஞ்சம் தேயும். அரங்கின் குறை இருக்கையில் இருக்கிறது: ஓர இருக்கைக்காரருக்குப் பக்கச் சுவர் ஸ்பீக்கர் மட்டுமே உரக்கக் கேட்கும். 2012இல் டால்பி அட்மாஸ் என்ற ஒலி முறை கூரையிலும் ஸ்பீக்கர் மாட்டியது. ஓர இருக்கை ஓர இருக்கையாகவே இருக்கிறது. கேமுக்கு ஒரே ரசிகர், அவர் எப்போதும் நட்ட நடுவில்.

ஒலியின் அழகுக்கு என் ஓட்டு சினிமாவுக்கு. நம்மைச் சூழ்ந்து ஒலிக்கும் ‘சரவுண்ட்’ ஏற்பாட்டில் என் ஓட்டு கேமுக்கு. சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் படத்தை அரங்கின் நடுப்பகுதியில், சற்றுப் பின்வரிசையில் அமர்ந்து கேளுங்கள். கேமை ஹெட்போனில் ஆடுங்கள். கேமிலும் ஹெட்போனிலும், சுற்றொலியைப் போலச் செய்துகாட்டும் ‘விர்ச்சுவல் சரவுண்ட்’ வசதி இருந்தால் இரண்டில் ஒன்றை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் திசை குழம்பிவிடும்.